கைப்பேசிப் புராணமும் நமது பிழையும்

சென்ற மாதம் நமது பத்திரிகையில் "படித்தவர் பக்தி" என்ற தலைப்பில் ஒரு சிறு குறிப்பும், அதனுடன் ஒரு படமும் வெளியிட்டிருந்தோம். ஒரு பெரிய போலீஸ் உத்தியோகஸ்தர் உடுப்பும் தொப்பியுமாக ஒரு சாமியார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடப்பதாக அந்தப் படம் காட்டிற்று. அது நமது ஜில்லாப் பக்கத்தில் நடந்த சம்பவம் என்று வாட்ஸ்அப் மூலம் நமக்கு வந்த செய்தியை நம்பி, பொதுமக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது அடுக்குமா என்று கேட்டு, நமது வழக்கப்படி கொஞ்சம் கேலியும் சேர்த்து எழுதியிருந்தோம். வாசகர்களில் பலர் அதை மெச்சி எழுதினார்கள். சிலர் அந்தப் பக்கத்தையே படம் பிடித்துத் தங்கள் கைப்பேசிக் கூட்டங்களில் போட்டு, அது ஊர் ஊராய்ப் போய்விட்டது.

எறையூரிலிருந்து ஒரு தோழர் மாத்திரம் மெச்சி எழுதவில்லை. அவர் கரும்பு வெட்டு ஆட்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஓர் இளைஞர். அவருடைய கடிதம் ஒரு பக்கந்தான். படத்தின் வலது கோடியில் ஒரு பெட்டிக்கடை இருப்பதையும், அந்தக் கடையின் பலகையில் உள்ள எழுத்து தமிழ் எழுத்தல்ல என்பதையும் நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்டிருந்தார். பிறகு, படத்தையே கொடுத்து, அது முன்னால் எங்கெங்கே வெளியாகியிருக்கிறது என்று தேடுகிற வசதி கூகுளில் இருக்கிறதென்றும், தாம் அப்படித் தேடியதில் அது பல வருஷங்களுக்கு முன் வேறு மாகாணத்தில் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் எடுத்த படம் என்று தெரிந்ததென்றும், அந்தச் சாமியாரும் நடிகர், போலீசும் நடிகர் என்றும் எழுதியிருந்தார். கடைசியில், "பிள்ளையார் பால் குடித்தார் என்று சொன்னவர்களைப் பார்த்து நாம் கேட்ட கேள்விகளை, இந்தப் படத்தை அனுப்பியவரைப் பார்த்து நீங்கள் ஏன் கேட்கவில்லை?" என்று ஒரு வரி.

நாம் கேட்கவில்லை என்பது உண்மை. ஏன் கேட்கவில்லை என்று நம்மை நாமே விசாரித்துப் பார்த்ததில், அந்தப் படம் நமக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் ஒன்றும் அகப்படவில்லை. நாம் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டு வருவதற்கு அது ருஜு போல வந்து நின்றது. கடவுள் பக்தன் கல் பால் குடிக்கிறதென்று நம்பினதற்கும் அதே காரணந்தானே!

பத்திரிகைக்காரர்கள் பிழை செய்தால், எறும்பு எழுத்தில் யார் கண்ணிலும் படாத மூலையில் "திருத்தம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவது வழக்கம். பொய்யை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு மெய்யைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது நாணயமாகாது. ஆகையால் தலையங்கத்திலேயே சொல்லுகிறோம். அந்தப் படம் பொய். அதைப் போட்டது நமது தப்பு. அதை நம்பிப் பிறருக்கு அனுப்பிய தோழர்கள், இந்தத் தலையங்கத்தையும் அதே ஆட்களுக்கு அனுப்பும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

இது நிற்க.

இந்தச் சங்கதியை நமது ஒரு பிழையோடு விட்டுவிடுவதற்கில்லை. இன்றைக்குக் குக்கிராமத்தில் ஆடு மேய்க்கிறவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு வந்து விழுகிற புராணம் பதினெட்டல்ல, பதினெட்டாயிரம்.

வயதானவர்களுக்கு அந்தக் காலத்து நோட்டீசுகள் ஞாபகமிருக்கும். இன்ன ஊர்க் கோவிலில் ஒரு பாம்பு வந்து அர்ச்சகரிடம் மனிதக் குரலில் பேசிற்று என்றும், இதைப் படித்தவர் ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தால் பதினைந்து நாளில் பணம் வரும் என்றும், கிழித்தெறிந்த ஒருவன் இரத்தம் கக்கிச் செத்தான் என்றும் அதில் இருக்கும். அதனால் நிச்சயமாய்ப் பணம் கண்டவர் அச்சாபீஸ்காரர் ஒருவர்தான். அந்தப் பொய்யைப் பரப்புவதற்காவது காகிதக் கூலி, அச்சுக் கூலி என்று ஏதோ கைக்காசு செலவாயிற்று. இப்போது கட்டை விரலை ஒரு தரம் அழுத்தினால் போதும்.

1995-ம் வருஷம் செப்டம்பர் 21-ந்தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டில்லியில் கிளம்பிய சேதி, அன்று பொழுது சாய்வதற்குள் இந்தியா பூராவும் பரவி, லண்டன் வரை போயிற்று. அப்போது கைப்பேசி ஜனங்கள் கைக்கு வந்து சேரவில்லை, வாட்ஸ்அப்பும் கிடையாது; வீட்டு டெலிபோனும் டெலிவிஷனுந்தான். சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து ஸ்பூனில் கொடுத்துக் காட்டினார்கள். சாயப் பால் சிலையின் தும்பிக்கை வழியாய் உள்ளே போகவில்லை. மெல்லிய படலமாகப் படிந்து அதன் மேலேயே வழிந்து இறங்கிற்று. திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையினால் ஸ்பூனிலுள்ள பால் கல்லோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது என்பது அதன் விவரம். பிள்ளையார் குடித்தால் என்ன, பக்கத்தில் நிறுத்தி வைத்த எந்தக் கல் பொம்மை குடித்தால் என்ன, பாலுக்கு ஜாதி வித்தியாசம் தெரியாது.

திருநள்ளாறு கதையை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் கோவிலுக்கு மேலே வரும்போது அமெரிக்காக்காரனுடைய செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறதென்றும், நாசா விஞ்ஞானிகள் பிரமித்துப் போனார்கள் என்றும் ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் அது உயிர்த்தெழுந்து வருகிறது. பூமிக்குச் சமீபமாய்ச் சுற்றுகிற செயற்கைக்கோள் ஒரு விநாடிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நின்றால் கல்லைப்போல் கீழே விழத்தான் வேண்டும். மூன்று விநாடி நின்றுவிட்டுப் பிறகு பழைய வேகத்தில் போவதற்கு அதென்ன டவுன் பஸ்ஸா? சனி பகவானுடைய மகிமைக்குச் சாட்சி சொல்ல சாஸ்திரம் போதாமல், அமெரிக்காக்காரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் பக்தர்கள் யோசிக்க வேண்டும்.

சாமி சம்பந்தமானதில்தான் பொய் வரும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2020-ம் வருஷம் நமது பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. உடனே டைனோசர் முட்டை என்று படம் போட்டு உலகமெல்லாம் அனுப்பிவிட்டார்கள். புவியியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, அவை முட்டையல்ல, ஆதிகாலத்துக் கடலில் அம்மோனைட் என்ற பிராணியைச் சுற்றிப் படிவு திரண்டு இறுகிப்போன உருண்டைகள் என்று சொன்னார்கள். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கத்து அரியலூர் ஜில்லா செந்துறையில் 2009-ம் வருஷம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் உண்மையாகவே டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டெடுத்தார்கள். நமது ஜில்லா சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் போன மரம் கிடக்கிறது. அது 1940-ல் புவியியல் இலாகா கிருஷ்ணன் அவர்களால் வெளியுலகுக்குத் தெரிந்தது. பக்கத்தில் மெய் இருந்ததால்தான் குன்னத்துப் பொய் சுலபமாய் விலைபோயிற்று. ஒரு மெய்யின் தோளில் உட்கார்ந்து வருகிற பொய்யைக் கண்டுபிடிப்பது, பாம்பு பேசிற்று என்பதைக் கண்டுபிடிப்பதைப் போலச் சுலபமல்ல.

முட்டைப் பொய்யினால் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2017-ம் வருஷம் பிப்ரவரியில், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போடக் கிளம்பியபோது, அந்த ஊசியில் விஷமிருக்கிறது, மலடாக்குகிறது என்று கைப்பேசியில் பரப்பினார்கள். படித்த தாய் தகப்பன்மார்களே பள்ளிக்கூட வாசலில் நின்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். குறித்த நாளுக்குள் வேலை முடியாமல் தவணையை நீட்ட வேண்டியதாயிற்று.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வட நாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று வேலூர், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் சேதி ஓடிற்று. 2018 மே 9-ந்தேதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் காரில் போளூர் பக்கம் அத்திமூர் அருகே உள்ள தங்கள் குலதெய்வக் கோவிலுக்குப் போனார்கள். வழியில் நின்று வழி கேட்டார்கள். அங்கு விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் கூடித் துரத்தி அடித்ததில் 65 வயது அம்மாள் ஒருவர் செத்தார். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது அந்த அம்மாளுடைய காலத்தில் அன்புக்கு அடையாளம். அன்றைக்கு அதுவே குற்றத்துக்கு ருஜுவாகிவிட்டது. அடித்தவர்கள் பரம்பரைக் கொலைகாரர்கள் அல்ல. நம்மைப்போல் வயல் வேலை செய்து பிள்ளை குட்டிகளை வளர்க்கிறவர்கள்.

அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றின ஒரு படக்காட்சியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைக் காணலாம். அது கராச்சியில், குழந்தைகள் விஷயத்தில் ஜாக்கிரதையாய் இருங்கள் என்று புத்தி சொல்வதற்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தார் எடுத்தது. அதன் முடிவில், எடுத்துக்கொண்டு போன அதே ஆட்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். ஒரு மகாபாவி அந்த முடிவை மட்டும் வெட்டிவிட்டான். பொய் சொல்ல அவன் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். அதே 2018-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் திரிபுராவில், பிள்ளை பிடிக்கிறவன் கதையை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராய் ஒலிபெருக்கியில் சொல்லிவரச் சர்க்காரே ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்திற்று. அந்த ஆளையே பிள்ளை பிடிக்கிறவன் என்று ஜனங்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பொய் குடியேறின பிற்பாடு மெய்யை அனுப்பினால் மெய்க்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. 2024 ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் அதே பிள்ளை பிடிக்கும் புரளி மறுபடியும் கிளம்பி, போலீசார் மறுபடியும் மறுப்புச் சொல்ல நேர்ந்தது. ஆறு வருஷத்தில் நாம் படித்துக்கொண்டது இவ்வளவுதான்!

பிள்ளை பிடிக்கிறவன் கதை தமிழனை வடநாட்டான் மேல் ஏவிற்று. 2023 மார்ச்சு மாதத்தில் அது திருப்பிக்கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தேடித் தேடிக் கொல்லுகிறார்கள் என்று வடக்கே கிளப்பிவிட்டார்கள். வேறு ராஜ்யங்களில் நடந்த சண்டைகள், பழைய சம்பவங்கள், வடநாட்டுத் தொழிலாளிகள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டைகள் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் நடந்தவையாகக் காட்டினார்கள். போலீஸ் தலைவர் சைலேந்திரபாபு மறுத்துப் பேசினார். பீகார் சர்க்கார் அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்து, அப்படி ஒன்றும் இல்லையென்று கண்டார்கள். ஆனால் அதற்குள் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் எத்தனையோ தொழிலாளிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடிவிட்டார்கள். அவர்களுடைய தாய்மார் ஊரிலிருந்து கைப்பேசியில் அழுதால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இது எறையூருக்கு எங்கேயோ நடந்த சங்கதி அல்ல. நேற்றுவரை எறையூர் என்றால் சர்க்கரை ஆலை ஒன்றுதான். 2022 நவம்பரில் அங்கே சிப்காட் தொழிற்பூங்கா திறந்து, காலணித் தொழிலுக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். தொழிற்சாலை வந்தால் பல பாஷை பேசுகிறவர்களும் வரத்தான் செய்வார்கள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் பேசுகிற பாஷை நமக்குப் புரியவில்லை. அவனைப் பற்றிக் கைப்பேசி சொல்லுவது மட்டும் நன்றாய்ப் புரிகிறது. பொய் விளைவதற்கு இதைக் காட்டிலும் நல்ல நஞ்சை நிலம் எங்கே இருக்கிறது?

இந்தப் பொய்களால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டாமா? கட்சிக்காரனுக்கு ஓட்டு, மதக்காரனுக்கு ஆள், யூடியூப் காரனுக்குக் காசு. இவர்கள் எல்லோருக்கும் மேலே பெரிய முதலாளி, கடை வைத்திருக்கிற கம்பெனிக்காரன். நாம் எவ்வளவு நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவுக்கு அவனுக்கு விளம்பரப் பணம். 2021-ல் பேஸ்புக் கம்பெனியிலிருந்து வெளியேறிய ஓர் அம்மையார் கொண்டுவந்த தஸ்தாவேஜுகளிலிருந்து ஒரு விஷயம் வெளியாயிற்று. ஒரு செய்தியின் கீழே ஒருவர் "பிடித்திருக்கிறது" என்று குறியிட்டால் ஒரு மதிப்பும், கோப முகக் குறியிட்டால் அதைப்போல் ஐந்து மடங்கு மதிப்பும் கொடுத்து, அதை வைத்து எந்தச் செய்தியை யாருக்கு முன்னால் காட்டுவதென்று அந்தக் கம்பெனி சில காலம் கணக்குப் போட்டு வந்ததாம். நமக்குக் கோபம் வந்தால் அவனுக்கு ஐந்து பங்கு! பிற்பாடு அதைக் குறைத்துவிட்டார்கள் என்றாலும், வியாபாரம் எதன்மேல் நடக்கிறது என்பது வெளிச்சமாகிவிட்டது.

கம்பெனிக்காரனை மட்டும் குற்றஞ் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளவும் நமக்கு இடமில்லை. 2018-ல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சிக்காரர்கள், டிவிட்டரில் சுமார் 1,26,000 செய்திகள் எப்படிப் பரவின என்று பதினொரு வருஷத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மெய்யைக் காட்டிலும் பொய்யைப் பிறர் எடுத்து அனுப்புவது நூற்றுக்கு 70 பங்கு அதிகம் என்று கண்டார்கள். இதற்கு யந்திரங்கள் காரணமாயிருக்குமோ என்று அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை. மனிதன்தான் அனுப்புகிறான். பொய் புதுமையாக இருக்கிறது. மெய் பழஞ்சோறாக இருக்கிறது.

சரி, இதற்கு வழி என்ன? சட்டம் போடு, பிடித்து உள்ளே போடு என்பார்கள். கொலைக்குத் தூண்டுகிறவனைப் பிடிக்க வேண்டியதுதான்; அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்பக் கூடாதென்று 2018-ல் இந்தியாவில் வைத்த தடையும், மிகப் பல கை மாறிவந்த செய்தியை ஓர் இடத்துக்கு மேல் அனுப்பக் கூடாதென்று 2020-ல் வைத்த தடையும் நல்லவையே. ஓடுகிற பொய்க்குக் காலில் கட்டை கட்டினது போலாயிற்று. ஆனால் எது பொய் எது மெய் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைச் சர்க்கார் தானே எடுத்துக்கொள்வது வேறு விஷயம். மத்திய சர்க்கார் தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய்யென்று தானே முத்திரை குத்துவதற்கு 2023-ல் விதி செய்தது. பம்பாய் ஹைக்கோர்ட்டார் 2024 செப்டம்பரில் அது செல்லாதென்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டுச் சர்க்காரும் 2023-ல் உண்மை சரிபார்க்க ஒரு குழுவை வைத்திருக்கிறது. அது பல புரளிகளை அம்பலப்படுத்தியும் வருகிறது. ஆனாலும் சர்க்கார் யாருடையதாயினும், நம்முடையதே ஆயினும், பிரதிவாதியே நீதிபதியாய் உட்காருவதை ஒப்புக்கொள்வதற்கில்லை. 1933-ல் ஒரு தலையங்கத்துக்காக "குடி அரசு" மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார்களே, அன்றைய சர்க்காரைக் கேட்டிருந்தால் அதையும் பொய்ப் பிரசாரம் என்றுதான் சொல்லியிருக்கும்.

இனி வரப்போவது இன்னும் கஷ்டமானது. 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டில், 2018-ல் காலமான கலைஞர் கருணாநிதி திரையில் வந்து பேசினார். அடுத்த மாதமே 2016-ல் காலமான ஜெயலலிதாவின் குரலில் ஒரு பேச்சு வந்தது. இரண்டும் செயற்கை அறிவு யந்திரத்தால் செய்தவை என்று செய்தவர்களே சொன்னார்கள். சொல்லாமல் செய்கிறவன் வந்தால் என்ன கதி? செத்தவர் பேசுகிறார் என்று ஆவி ஜோசியக்காரன் சொன்னபோது, எங்கே பேசச் சொல், கேட்கிறோம் என்றோம். இப்போது பேசியே காட்டுகிறான். "கண்ணால் கண்டதை நம்பு" என்று இதுவரை நாம் சொல்லிவந்ததுகூடப் போதாமற் போய்விட்டது. இனிக் கண்ணையும் காதையுங்கூட, எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே, பொய் வந்த பின் மறுப்பதைவிட, வருமுன் மனதைத் தயார் செய்வதுதான் காரியம் என்று மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். இது அம்மை குத்துவது போன்ற முறை. மக்குவயர் என்ற அமெரிக்கர் 1960-களில் இந்த யோசனையைச் சொன்னார். பொய்க்காரன் எப்படியெப்படித் தந்திரம் செய்வான், பயமுறுத்துவான், பெரிய பேரைச் சொல்லுவான், பாதியை வெட்டிக் காட்டுவான் என்பதைச் சிறு அளவில் முன்கூட்டியே காட்டிவிட்டால், நிஜப் பொய் வரும்போது மனது எதிர்த்து நிற்கும் என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் 2018-ல் இதை ஒரு விளையாட்டாகவே செய்து, ஆடுகிறவனையே பொய்க்காரனாக்கி, தந்திரங்களை அவன் கையாலேயே செய்ய வைத்தார்கள். மந்திரவாதியின் தந்திரத்தை மேடையில் செய்து காட்டி, இப்படித்தான் ஏமாற்றுகிறான் என்று நமது தோழர்கள் ஊர் ஊராய் விளக்கி வந்ததும் இதே வைத்தியந்தான்.

இந்த வைத்தியம் நமது நாட்டில் பலிக்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற அம்மையார், 1,224 பேரை வைத்து ஒரு பரீட்சை செய்தார். வீடு தேடிப் போய், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மொத்தத்தில் பலன் ஒன்றும் தெரியவில்லை. அதுமட்டுமல்ல, பாரதிய ஜனதா கட்சியை ஆதரிக்கிறவர்களிடத்தில், பாடம் கேட்ட பிறகு தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யைக் கண்டுபிடிக்கிற சக்தி குறைந்தே போய்விட்டதாம். இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் "பார்த்தீர்களா, அவர்கள் அப்படித்தான்" என்று சிரிப்பார்கள். சென்ற மாதத்துப் படத்தைப் போட்ட நமக்குச் சிரிக்க யோக்கியதை கிடையாது. எந்தக் கட்சிப் பற்றானாலும், அது கண்ணுக்கு முன் திரையைத்தான் போடும்.

ஆனால் அதோடு விட்டுவிடாமல், 2023, 2024-ல் பீகாரிலேயே அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து மறுபடி முயன்றார்கள். இந்தத் தடவை வயது வந்தவர்களை விட்டுவிட்டு, எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற கிராமத்துப் பிள்ளைகள் 13,000 பேருக்கு மேல் சேர்த்து, ஒரு நாளோடு நிறுத்தாமல் பல வாரம் பரப்பி வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகள் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவது நன்றாய் முன்னேறிற்று. நான்கு மாதம் கழித்துக் கேட்டபோதும் மறக்கவில்லை. எல்லாவற்றிலும் விசேஷம் என்னவென்றால், வகுப்புக்கே வராத பெற்றோர்களுக்கும் பிள்ளைகள் மூலமாய் அந்த அறிவு போய்ச் சேர்ந்திருந்தது! கேரளத்தில் கண்ணூர் ஜில்லாவிலும் 2018-ல் கலெக்டர் முயற்சியால் சுமார் 150 சர்க்கார் பள்ளிக்கூடங்களில் இப்படி வகுப்பு வைத்தார்கள். அங்கும் ஊசிக்கு எதிரான புரளிதான் அவர்களைக் கிளப்பிவிட்டது.

பெரியவர் சொல்லைச் சின்னவர் கேட்க வேண்டும் என்பதுதான் நமது நாட்டுத் தர்மம். இங்கே மகன் தகப்பனிடம் "அப்பா, இது எந்த வருஷத்துப் படம்?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அடி விழாத வீடுகள் எத்தனை இருக்கின்றன? கேள்வி கேட்டால் மரியாதை கெட்டுப் போகும் என்று பிள்ளையை வளர்த்துவிட்டு, கைப்பேசியை மட்டும் கேள்வி கேள் என்றால் கேட்பானா? பெண் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். அநேக வீடுகளில் கைப்பேசியே அவர்கள் கைக்கு வருவதில்லை, ஆனால் அதில் வருகிற வதந்தியின் பலனை முதலில் அனுபவிக்கிறவர்கள் அவர்கள்தான்.

நமது காரியாலயத்திலேயே ஒரு தோழர் நம்மிடம் சண்டைக்கு வந்தார். "எதிரி ஆயிரம் பொய்யை அவிழ்த்து விடுகிறான், நாம் மட்டும் அரிச்சந்திரனாய் இருந்தால் சுடுகாட்டில்தான் நிற்க வேண்டும். படம் சினிமாப் படமாயிருந்தால் என்ன, போலீஸ்காரர்கள் சாமியார் காலில் விழுவது நிஜந்தானே?" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விழுகிறார்கள்தான். அப்படியானால் நிஜமாய் விழுந்தவர் படத்தை அல்லவா தேடிப் போட்டிருக்க வேண்டும்! எதிரிக்குக் கோவில் இருக்கிறது, சொத்து இருக்கிறது, ஜாதி இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. அவன் சரக்கைப் பரீட்சை பார்த்து யாரும் வாங்குவதில்லை. ஒரு பொய் வெளிப்பட்டால் இன்னொன்றை எடுத்து வைப்பான், கூட்டம் குறையாது. நமக்கு இருக்கிற முதல், "நீயே பார், நீயே கேள், நாங்கள் சொல்வதையும் நம்பாதே" என்று சொல்லுகிற தைரியம் ஒன்றுதான். எறையூர்த் தோழர் அந்தச் சொல்லை நம்பி, நம்மையே பரீட்சை பார்த்தார். அவரைப் போல் இன்னும் நூறு பேர் இல்லாததற்கு நாம் வருத்தப்பட வேண்டுமே ஒழிய, அவர் காட்டிக்கொடுத்தார் என்று கோபிப்பதில் நியாயமில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்ய உத்தேசித்திருக்கிறோம். இனி ஒவ்வொரு வாரமும் நமது பத்திரிகையில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குகிறோம். வாசகர்கள் தங்களுக்கு வந்த சந்தேகமான செய்தி எதுவாயினும், அது சாமியைப் பற்றியதானாலும், ஜாதியைப் பற்றியதானாலும், ஊசி மருந்தைப் பற்றியதானாலும், நம்முடைய எதிரிகளைப் பற்றியதானாலும், யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்ற விவரத்துடன் எழுதலாம். பார்த்தவரையில் தெரிந்ததை, எப்படிப் பார்த்தோம் என்ற வழியுடன் வெளியிடுவோம். தெரியாததைத் தெரியவில்லை என்றே போடுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதினால் முதலில் எடுத்துக்கொள்வோம்.

எறையூர்த் தோழர் தம்முடைய கடிதத்தோடு இன்னொரு படத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறார். அது ஒரு கோவில் திருவிழாவில் ஒடுக்கப்பட்டவர்களை அடிப்பதாகச் சொல்லப்படும் படம். அனுப்பியவர் நமது இயக்கத்துத் தோழர்தான், அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள், அவசரப்பட்டுத் தள்ளியும் விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். மூன்று நாளாய் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பஸ் நிற்கிறது. அதன் நம்பர் பலகையில் முதல் இரண்டு எழுத்து தெரிகிறது, மற்றவை தெரியவில்லை. அந்தப் பக்கத்துத் தோழர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.